ஏழாம் மெஷினில் பிறந்தவர்கள்

— ...அதான் கேக்கறேன், எட்டு சர்வர் மெஷின் இருக்கு, ஏழாவது மட்டும் ஏன் படுத்துச்சு?

— மத்ததெல்லாம் காலாட்டிக்கிட்டு உக்காந்திருக்கு. அது ஒண்ணே மொத்தக் குடும்பத்தையும் தூக்குது. நம்ம வீட்ல என்னை மாதிரி.

— ஆரம்பிச்சிட்டியா! நேத்து யாரு பாத்திரம் கழுவுனது?

— ஒரு டம்ளர்! ...சரி, பதினொரு மணிக்கு மேனேஜர் வர்றாரு. தப்பு பண்ணவங்க பேரு அறிக்கைல இருக்கணுமாம். அவங்க இன்னைக்கே மூட்டை கட்டலாமாம்.

— இன்... இன்னைக்கேவா?

— ஏன் வேர்க்குது? ஏசி பதினாறுல ஓடுது.

— ஒண்ணுமில்ல... இன்னும் ரெண்டு மெஷின் சேர்த்துட்டா?

— இருபது சேர்த்தாலும் அதே கதைதாங்க. வாடிக்கையாளருங்க விவரத்தைப் பிறந்த தேதி பார்த்துத்தானே எட்டு மெஷின்லயும் பிரிச்சு வைக்கிறோம்? ஒரே தேதின்னா எல்லாரும் ஒரே மெஷின்லதான் போய் விழுவாங்க. ஏழாவதுல நாலு லட்சம் பேரு, ஒரே நாள், ஒரே வருஷம்!

— யப்பா! அந்த ஆஸ்பத்திரில கட்டில் பத்தியிருக்காதே...

— சிரிக்காதீங்க. இனிமே வாடிக்கையாளர் நம்பரை வச்சுப் பிரிக்கச் சொல்லி புரோகிராமை மாத்தி ஓட விட்டிருக்கேன். எட்டும் சமமாயிடும். ஆனா ஒண்ணு...

— என்ன?

— அது எந்தத் தேதின்னு நீங்க இன்னும் கேக்கவே இல்லையே?

— எந்தத் தேதியா இருந்தா என்ன, விடு...

— வாடிக்கையாளருங்க சேர நிரப்புற விண்ணப்பப் பக்கம் யாரு செஞ்சது?

— நான்தான்... ஆனா...

— ம், சொல்லுங்க.

— சோதிச்சுப் பாக்கறப்போ தேதிக் கட்டத்துல எதையாவது போடணுமேன்னு... உன் பிறந்த தேதியைப் போட்டேன். எடுக்க மறந்துட்டேன். பாவிங்க, மாத்தித் தொலைக்கக் கூடாதா? அப்படியே 'அடுத்து'ன்னு தட்டிட்டுப் போயிருக்கானுங்க!

— பல்லு போன தாத்தாவுக்கும் என் வயசு!

— விளையாடாத, பயமா இருக்கு. அறிக்கைல என் பேரைப் போட்டுட்டியா?

— தேதியை வச்சுப் பிரிக்கலாம்னது என் யோசனைதானே? என் பேரை எழுதி காலைலயே அனுப்பிட்டேன்.

— ஐயோ, லூசு! எதுக்கு... இரு, நானே போய்ச் சொல்றேன். என்மேல உனக்குக் கோவமே வரலையா?

— அதுக்கு வரலைங்க. ஏழாவது மெஷின் நேத்து நாலு லட்சம் பேருக்கும் பிறந்தநாள் வாழ்த்து அனுப்பி முடிச்சிட்டுத்தான் படுத்துச்சு. உங்ககிட்டருந்துதான் எனக்கு இன்னும் வரல.