கடைசிப் பதினாறு பக்கம்

வந்தவர்: எனக்கு இல்லைங்க. ஒரு நண்பருக்கு.

கடைக்காரம்மா: நண்பருக்கா... சரி. அந்தக் குல்லாவைக் கொஞ்சம் மேல தூக்குங்க சார். கண்ணே தெரியல.

வந்தவர்: குளிருது.

கடைக்காரம்மா: உள்ள ஹீட்டர் எரியுது. எனக்கு வேர்க்குது.

வந்தவர்: புத்தகம் இருக்கா, இல்லையா?

கடைக்காரம்மா: எது, கடிகாரம் ரிப்பேர் பண்ற பொம்பளை கதைதானே? “பத்து நிமிஷத்துல வரேன்”னு போன புருஷன் பதினோரு வருஷம் கழிச்சு வந்து கதவைத் தட்டுவானே?

வந்தவர்: அதேதான். ஒரே ஒரு காப்பி.

கடைக்காரம்மா: அதைப் பத்தி பேப்பர்ல எழுதினதே நீங்கதானே சார்! “குளிர்கால லீவுல படிக்கப் பத்துப் புத்தகம்.” இதுக்குத்தான் முதல் இடம் குடுத்திருந்தீங்க.

வந்தவர்: மெதுவா... மெதுவாப் பேசுங்கம்மா.

கடைக்காரம்மா: கடையில ஒரு ஈ காக்கா இல்ல. பத்தொன்பது வருஷமா உங்க ஃபோட்டோவைப் பார்க்கிறோம், குல்லா போட்டா மறந்துடுமா? உங்க புண்ணியத்துல இந்த வருஷம் நிக்க நேரமில்ல. உங்க லிஸ்ட்ல கடைசியா இருந்த பெங்குவின் கதைகூடத் தீர்ந்துபோச்சு. உக்காருங்க, டீ தரேன்.

வந்தவர்: டீ எல்லாம் வேண்டாம்... இதைப் போட்டதும் உங்க பதிப்பகம்தானே?

கடைக்காரம்மா: ஆமா. கீழ கடை, மாடியில பதிப்பகம். ரெண்டுக்கும் நான் ஒருத்திதான். ஏன் சார், என்ன ஆச்சு? முகமே சரியில்லையே.

வந்தவர்: நேத்து உங்க விலைப்பட்டியலைப் புரட்டிட்டு இருந்தேன்.

கடைக்காரம்மா: ம்...

வந்தவர்: அதுல இந்தப் புத்தகத்துக்கு இருநூத்தி இருபத்துநாலு பக்கம்னு போட்டிருக்கு.

கடைக்காரம்மா: ...டீக்குச் சக்கரை எவ்வளவு?

வந்தவர்: அம்மா, நீங்க எனக்கு அனுப்பின காப்பியில இருநூத்தி எட்டுதான் இருக்கு!

கடைக்காரம்மா: ரெண்டு ஸ்பூன் போடறேன்.

வந்தவர்: பதினாறு பக்கம் காணோம். அவன் மூணாவது தடவை கதவைத் தட்டறான், முற்றுப்புள்ளி, அவ்வளவுதான். அதுக்கப்புறம் அட்டை. நான் என்ன எழுதினேன், ஞாபகம் இருக்கா?

கடைக்காரம்மா: வரிக்கு வரி. “கதவைத் திறக்காமலே கதையை முடித்த துணிச்சல். முற்றும் என்றுகூடப் போடாத தன்னம்பிக்கை.”

வந்தவர்: சொல்லாதீங்க. காது கூசுது.

கடைக்காரம்மா: நல்லாத்தானே சார் இருக்கு?

வந்தவர்: என்ன நல்லா இருக்கு? பைண்டிங்ல பக்கம் விட்டுப்போனதைத் துணிச்சல்னு எழுதி வெச்சிருக்கேன்! நாளைக்கு லீவு ஆரம்பம். ஊரே போர்வைக்குள்ள படுத்துக்கிட்டு இதைப் படிக்கப் போகுது. இருநூத்தி எட்டைத் தாண்டினதும் ஒவ்வொருத்தனும் சிரிப்பான். “இந்த ஆள் புத்தகத்தை முழுசாப் படிக்காமலே எழுதறவன்”னு சொல்லுவான். பத்தொன்பது வருஷத்து மானம் கப்பலேறிடும்மா.

கடைக்காரம்மா: அவ்வளவு தூரம் போகாது...

வந்தவர்: பத்திரிகை ஆசிரியருக்கு ராஜினாமா கடிதம் எழுதிப் பையில வெச்சிருக்கேன். இங்கருந்து நேரா அங்கதான் போறேன்.

கடைக்காரம்மா: ஐயையோ... சார், அவசரப்படாதீங்க. நான் ஒண்ணு சொல்லணும். அது வந்து...

வந்தவர்: முதல்ல ஒரு முழுக் காப்பி குடுங்க. போறதுக்கு முன்னாடி அவ கதவைத் திறந்தாளா இல்லையான்னாவது தெரிஞ்சுக்கிட்டுப் போறேன்.

டீச்சர்: மேடம், கடை மூடிடலையே?

கடைக்காரம்மா: வாங்க டீச்சர்! இல்லை இல்லை, வாங்க.

டீச்சர்: அந்தக் கடிகாரக்காரி புத்தகம் இன்னும் மூணு வேணும். ஒண்ணு எங்க அக்காவுக்கு, ரெண்டு ஸ்கூல்ல. அப்படியே எங்க வீட்டுக்காரருக்குத் தடியா ஒரு துப்பறியும் கதை. பத்து நாளும் வாயைத் திறக்கக் கூடாது அவர்.

வந்தவர்: நீங்க... அதைப் படிச்சுட்டீங்களா?

டீச்சர்: போன வாரமே. இவர் யாரு மேடம்?

கடைக்காரம்மா: நண்பருக்காக வாங்க வந்திருக்கார். இந்தாங்க டீச்சர், நீங்க கேட்ட மூணு.

டீச்சர்: தைரியமா வாங்கிக் குடுங்க சார். அந்த முடிவுக்காகவே வாங்கலாம். பேப்பர்ல ஒருத்தர் எழுதியிருந்தாரே...

வந்தவர்: அவர் ஒரு முட்டாள்.

டீச்சர்: ஏன் சார் அப்படிச் சொல்றீங்க? அவர் சொன்னது அப்படியே நூத்துக்கு நூறு. எங்க மாமியார் அந்தக் கடைசிப் பக்கத்தைப் பத்தி என்கிட்ட ரெண்டு மணி நேரம் பேசினாங்க. கல்யாணமாகி ஏழு வருஷத்துல மொத்தமாக் கூட்டினாலும் அவ்வளவு பேசினதில்ல.

கடைக்காரம்மா: அப்படி என்ன பேசினாங்க?

டீச்சர்: “பாவம், கதவைத் திறந்திருக்கலாம்”னேன் நான். “திறக்கவே கூடாது”ன்னு அவங்க ஒத்தக் கால்ல நின்னாங்க. அப்புறம் என்னென்னவோ சொன்னாங்க... மாமனார் பத்தியெல்லாம். எனக்குத் தெரியவே தெரியாது மேடம்.

வந்தவர்: டீச்சர், ஒரு நிமிஷம். அவன் மூணாவது தடவை தட்டறான். அதுக்கப்புறம் ஒரு பதினாறு பக்கம்...

டீச்சர்: எந்தப் பதினாறு பக்கம்? அதுக்கப்புறம் அட்டைதான் சார்.

வந்தவர்: அட்டையா!

டீச்சர்: என்ன மேடம் இவரு, இப்படிக் கத்தறாரு?

வந்தவர்: உங்க கையில இருக்கிற அந்த மூணையும் குடுங்க. பிரிச்சுப் பார்த்துட்டுத் தந்துடறேன். இருநூத்தி எட்டு... இருநூத்தி எட்டு... இதுவும் இருநூத்தி எட்டு! டீச்சரம்மா, நீங்க நல்லா இருக்கணும். என் வயித்துல பாலை வார்த்தீங்க!

டீச்சர்: நான் என்ன பண்ணேன்... மேடம், பில்லைப் போடுங்க, கிளம்பறேன்.

கடைக்காரம்மா: இதோ டீச்சர், பையோட எடுத்துக்கங்க. லீவை நல்லாக் கழிங்க. மாமியாரைக் கேட்டதாச் சொல்லுங்க.

வந்தவர்: அப்போ எல்லாருக்குமே இருநூத்தி எட்டுதான்! எல்லாரும் நான் படிச்சதைத்தான் படிச்சிருக்காங்க. அந்தக் கடிதத்தைக் கிழிச்சு எங்க போடறது? கூடை இருக்கா?

கடைக்காரம்மா: கால்கிட்ட இருக்கு. குல்லாவையும் கழட்டிடுங்க, தலையெல்லாம் வேர்வை.

வந்தவர்: ராத்திரி முழுக்கச் செத்துப் பிழைச்சேன். விலைப்பட்டியல்ல தப்பா அச்சடிச்சதுக்கு உங்களை உண்டு இல்லைன்னு பண்ணணும். பரவாயில்ல, மன்னிச்சுட்டேன். அந்த டீயைக் குடுங்க.

கடைக்காரம்மா: பட்டியல்ல தப்பு இல்ல சார்.

வந்தவர்: ...என்ன?

கடைக்காரம்மா: அச்சுல பதினாறு பக்கம் சேர்ந்தது ஒரு ஃபாரம். மொத்தம் பதினாலு ஃபாரம் அச்சாச்சு. பத்திரிகைக்கெல்லாம் அனுப்ப முதல்ல அம்பது காப்பி மட்டும் தைச்சாங்க. பைண்டர் கடைசி ஃபாரத்தை வைக்க மறந்துட்டாரு. அனுப்பின பிறகுதான் நான் பார்த்தேன்.

வந்தவர்: எனக்கு ஒரு ஃபோன் பண்ணக் கூடாதா?

கடைக்காரம்மா: நம்பரைத் தேடி எடுத்து வெச்சேன். மறுநாள் காலையில உங்க லிஸ்ட் வந்துடுச்சு. படிச்சேன். திரும்பத் திரும்பப் படிச்சேன். அப்புறம் ஃபோன் பண்ணேன்.

வந்தவர்: எனக்கு வரலையே.

கடைக்காரம்மா: பைண்டருக்குப் பண்ணேன். மிச்சக் காப்பியிலயும் அந்தக் கடைசி ஃபாரம் வேண்டாம்னு சொல்லிட்டேன். அது மாடியில கட்டுக் கட்டாக் கிடக்கு.

வந்தவர்: அடப் பாவமே... அதுல என்னதான் இருக்கு?

கடைக்காரம்மா: கதவைத் திறக்கறா. அவன் அழறான். அவ மன்னிச்சுடறா. ரெண்டு பேரும் டீ குடிக்கறாங்க. முற்றும்.

வந்தவர்: ஐயோ, வேண்டவே வேண்டாம்! ஆனா, எழுதினவர் சம்மதிச்சாரா? நான் எழுதின நாலு வரிக்காக அவரோட முடிவை வெட்டிட்டீங்களே. வேற யாராவதா இருந்தா கோர்ட்டுக்குப் போயிருப்பாங்க. அவர் என்னதான் சொன்னாரு?

கடைக்காரம்மா: அவரு இல்ல சார்... அட்டையில இருக்கிற ஆம்பளைப் பேரு நானா வெச்சுக்கிட்ட புனைபெயர். மாடியில உக்காந்து மூணு வருஷம் எழுதினேன். திறக்கலைன்னா படிக்கிறவங்க என்னைத் திட்டுவாங்களோன்னு பயந்துதான் அவளைத் திறக்க வெச்சேன். எனக்கு எப்பவும் அவனுக்குத் திறக்க இஷ்டமில்ல.