கம்பெனி முத்திரை பதித்த நெஞ்சு

முகத்தைப் படம் எடுப்பதைவிட நெஞ்சைப் படம் எடுப்பது சுலபம், இன்ஸ்பெக்டர் ஐயா. நெஞ்சு கண்ணைச் சிமிட்டாது. படம் வந்த பிறகு மூக்கு ஏன் இப்படிச் சப்பையாக இருக்கிறது என்று சண்டைக்கும் வராது. சிகாமட் ரயிலடியில் பல வருடம் போட்டோ ஸ்டூடியோ நடத்தியவன் சொல்கிறேன்.

இந்த அமலநாதன் என்றால் ஊரில் நல்ல பெயர். ரப்பர் விலை விழுந்து மறுபடி தலைதூக்கிய நேரத்தில், எக்ஸ்ரே கம்பெனி ஒன்று ஆரம்பிக்கலாம் என்று நான் சொன்னபோது யாரும் தட்டிப் பேசாததற்கு அதுதான் காரணம். சிங்கப்பூரில் ஒரு டாக்டர் பழைய மெஷினை விற்றார். பங்கு சேர்த்து வாங்கினோம். பாதிப் பங்கு என்னுடையது, நான்தான் மானேஜர். மீதியில் ஒரு பாகம் எங்கள் மாதா கோயில் மரணச் சகாய சபையுடையது. யாராவது இறந்தால் பெட்டிக்கும் குழிக்கும் கொடுக்கிற பணம் அது. இன்னொரு பாகம் முருகன் கோயிலுடையது. தேர் செய்யச் சேர்த்து வைத்திருந்தார்கள். சபைத் தலைவர் சந்தனசாமியும், கோயில் தலைவர் வீரமுத்துக் கங்காணியும் டைரக்டர்கள். வேதக்காரரும் கோயில்காரரும் ஒரே கம்பெனியில் கைகோத்ததைப் பார்த்து எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

மெஷின் வந்ததும் சோதனைக்காக என் நெஞ்சையே முதலில் எடுத்துப் பார்த்தேன். அருமையான படம். கழுத்தில் கிடந்த சிலுவையைக் கழற்ற மறந்துவிட்டேன். அது மட்டும் நெஞ்சுக்கு நடுவில், கொஞ்சம் இடப்பக்கம் சாய்ந்தாற்போல் விழுந்திருந்தது. பார்க்க அழகாகத்தான் இருந்தது.

அந்த மழைக்காலத்தில் ஆறு பெருகி ஸ்டூடியோவுக்குள் வந்தது. மெஷினுக்குள் இருந்த கண்ணாடிக் குழாய் உடைந்துபோயிற்று. அதுதான் மெஷினின் உயிர். மற்றதெல்லாம் வெறும் இரும்பு. வேறு குழாய் வாங்கக் கம்பெனியையே விற்க வேண்டும்.

உண்மையைச் சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். சொன்னால் என்ன ஆகும், நீங்களே யோசியுங்கள். செத்தவனுக்குப் பெட்டி இருக்காது, முருகனுக்குத் தேர் இருக்காது. இரண்டு மதத்தின் பாவத்தையும் ஒருவன் தலையில் சுமக்க முடியுமா? என்னிடம் ஒரு நல்ல நெஞ்சின் கண்ணாடித் தகடு இருந்தது. அதிலிருந்து எத்தனை படம் வேண்டுமானாலும் அச்சுப் போடலாம். போட்டேன்.

ஏனோதானோ என்று செய்யவில்லை. பெண்களுக்குச் சற்றுச் சிறிதாக, குழந்தைகளுக்கு இன்னும் சிறிதாக, மரக்கடைத் தவுக்கே, அந்தச் சீன முதலாளிக்கு அகலமாக. டைரக்டர்களுக்கு மட்டும் ஒரே அளவு; பாரபட்சம் கூடாது அல்லவா. மெஷினில் ஒரு நீல விளக்கும் பழைய விசிறி மோட்டாரும் பொருத்தியிருந்தேன். நன்றாக உறுமும். யோங் பெங்கிலிருந்தெல்லாம் வண்டி கட்டி வந்தார்கள். ஒருவரையும் நான் அழ வைத்து அனுப்பியதில்லை.

வீரமுத்துக் கங்காணி அப்படித்தான் வந்தார். பெக்கோக் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் கங்காணி. இருமல் அவரை உலுக்கி எடுத்தது.

"தம்பி, எங்க தோட்டத்துல மருந்து குடுக்குற டிரஸர் என்னை உடனே ஜொகூர் பாரு பெரியாஸ்பத்திரியில போயிப் படுக்கச் சொல்றாரு. நம்ம மெஷின் என்ன சொல்லுதோ, நான் அதைத்தான் கேப்பேன்" என்றார்.

அவர் கைக்குட்டையில் ரத்தம் இருந்தது. பார்க்கவில்லை என்று சொன்னால் பொய்யாகிவிடும். எனக்குப் பொய் பிடிக்காது. படத்தைக் கொடுத்தேன். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார்.

"சுத்தமா இருக்குல்ல?"

"பளிங்கு மாதிரி இருக்குங்க கங்காணியாரே."

"நடுவுல என்னமோ கூட்டல் போட்டிருக்கே?"

"அது கம்பெனி முத்திரைங்க."

"அலமாக், நெஞ்சுக்குள்ளயே முத்திரை குத்துறீங்களா லா" என்று சிரித்தார். சிரிப்பு இருமலாகி அடங்க வெகுநேரமாயிற்று. அந்தச் சந்தோஷத்தில்தான் என் பங்குகளை முழுவதும் கோயில் பெயருக்கு வாங்கிக்கொண்டார். நான் வற்புறுத்தவில்லை. உள் விஷயம் தெரிந்தவன் கையில் பங்கு இருப்பது முறையில்லை ஐயா. தெரியாதவர்களிடம் இருந்தால்தான் கம்பெனிமேல் நம்பிக்கை நிலைக்கும்.

அவர் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. படத்தை டிரஸரிடம் காட்டிக் கேலி செய்ததாகக் கேள்வி. தைப்பூசத்துக்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார்.

சாவு வீட்டில்தான் சங்கடம். அவர் ஆயுளில் முகத்தைப் படம் எடுத்துக்கொண்டதே இல்லை. அதனால் அவர் மனைவி கிருஷ்ணம்மா, இருந்த ஒரே படத்துக்குச் சட்டம் போட்டு, சந்தனம் குங்குமம் வைத்து, மாலையும் சாத்திவிட்டார். துக்கம் கேட்க வந்த சந்தனசாமி அதைப் பார்த்து அப்படியே முழங்காலிட்டார்.

"கங்காணியாரு ரகசியமா நம்ம வேதத்துல சேந்திருக்காரு. நெஞ்சிலயே சிலுவை கெடக்கு பாருங்க. இவரை நம்ம கல்லறையிலதான் வைக்கணும்" என்று அழுதார். பெட்டி கொண்டுவர ஆளையும் அனுப்பினார்.

பறை நின்றது. கோயில்காரர்கள் பாடையை ஒரு பக்கம் பிடித்துக்கொண்டார்கள், சபைக்காரர்கள் மறுபக்கம் பிடித்தார்கள். நடுவில் பிணம் ஆடியது. கிருஷ்ணம்மா எழுந்து வந்தார்.

"நேத்து வரைக்கும் விபூதி பூசின மனுசன். அவரு நெஞ்சுக்குள்ள எவன் சிலுவைய நட்டான்?"

அது கம்பெனி முத்திரை என்று கோயில்காரர் ஒருவர் சொன்னார். சந்தனசாமிக்குக் கோபம் வந்துவிட்டது. தன் படத்தில் இருப்பது தன் சொந்தச் சிலுவை, முத்திரை இல்லை என்றார். வீட்டிலிருந்து படத்தை எடுத்துவரச் சொல்லிப் பக்கத்தில் வைத்தார். அதே அளவு, அதே எலும்பு, அதே இடப்பக்கச் சாய்வு. என்னுடைய நியாய புத்தியே என்னைக் காட்டிக்கொடுத்தது.

கிருஷ்ணம்மா இரண்டு படத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"அப்ப எங்க வீட்டுக்காரரோட நெஞ்சு எங்கய்யா?"

நியாயமான கேள்வி. அந்த நெஞ்சை யாருமே பார்க்கவில்லை. அது பாடையில்தான் கிடந்தது. ஆனால் சாவு வீட்டில் பதில் பேசுவது மரியாதை இல்லை என்று செருப்பை மாட்டிக்கொண்டேன்.

ஆமாம், தெரிந்தேதான் செய்தேன். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். கடைசியாக ஒன்று கேட்டீர்களே, போன மாதம் எனக்கு இருமல் வந்தபோது ஏன் ரயிலேறிச் சிங்கப்பூர் போய்க் காசு கொடுத்துப் படம் எடுத்துக்கொண்டேன் என்று. மானேஜர் உத்தியோகத்தை வைத்துக்கொண்டு கம்பெனி மெஷினில் ஓசியில் படம் எடுத்துக்கொண்டான் என்று பங்குதாரர்கள் யாரும் என்னைக் குறை சொல்லிவிடக் கூடாது பாருங்கள்.