அடியில் இருந்த போன் நம்பர்

ஹலோ... அக்கா, நான்தான். கோர்ட்டுக்குள்ள இருக்கியா?... வெளிய வந்துட்டியா, சரி, சரி... வக்கீல் நோட்டீஸ் வந்திருக்குக்கா... எனக்குத்தான். எங்க லிஃப்ட் கம்பெனி முதலாளி அனுப்பியிருக்காரு...

கதவைச் சாத்திட்டுத்தான் பேசறேன். ரெண்டு தடவை வாசிச்சும் பாதிதான் புரியுது...

ஆமா, ஆமா, ஆறு வருஷமா அவருக்குக் கீழ சப்-கான்ட்ராக்ட். அந்த ஆஸ்பத்திரில நாலு லிஃப்டையும் நான்தான் பாக்கறேன். அங்க மேனேஜர்தான் ஆரம்பிச்சாரு. 'நீதானே வந்து கிரீஸ் போடறே, நடுவுல அவரு எதுக்கு? நீயே நேரா கொட்டேஷன் கொடு'ன்னாரு... கொடுத்துட்டேன்...

அக்ரிமென்டா?... கையெழுத்து போட்டிருக்கேன். வேலையை விட்டாலும் ரெண்டு வருஷத்துக்கு அவரோட கஸ்டமர்கிட்ட நேரா போகக் கூடாதாம். எட்டாம் பக்கத்துல இருக்கு. இன்னைக்குத்தான் படிச்சேன்... அப்புறம் திட்டுக்கா...

அவருக்கு எப்படித் தெரிஞ்சுதா?... அது வந்து... அவரோட பழைய கொட்டேஷனையே எடுத்து, மேல பேரை மாத்தினேன். விலையைக் கொஞ்சம் குறைச்சேன். எங்க லைன்ல எல்லாரும் அப்படித்தான் பண்ணுவோம்... மாத்தினேன், மாத்தினேன். அடியில இருந்த போன் நம்பரை விட்டுட்டேன்... ம். ஆஸ்பத்திரிலேர்ந்து ஏதோ சந்தேகம் கேக்க அந்த நம்பருக்கே அடிச்சிருக்காங்க. அவரே எடுத்திருக்காரு...

சிரிக்காதேக்கா. பயமா இருக்கு. நான் லிஃப்ட் பாக்கற மிச்சப் பதினோரு பில்டிங்கும் அவரு கொடுத்ததுதான். எல்லாத்திலேர்ந்தும் நிறுத்திடுவேன்னு போட்டிருக்கு. அவரு விலையை நான் திருடிட்டேனாம்... போலீஸ் வருமா?... சிவில்தானா? நிச்சயமா?...

இரு, எழுதிக்கறேன்... போன்ல இருக்கற எதையும் அழிக்கக் கூடாது... சரி. அவர்கிட்ட வாயைத் திறக்கக் கூடாது... சரி, சரி. எழுத்துல ஒரு வரிகூட...

அக்கா. காலைலயே அவரு ஆபீசுக்குப் போயிட்டேன்... இல்ல, அவரு இல்ல. லெட்டர் கொடுத்துட்டு வந்தேன்... மன்னிப்புதான். 'அக்ரிமென்ட்ல இருக்கறது தெரிஞ்சும் ஆசைப்பட்டுப் பண்ணிட்டேன், மன்னிச்சிடுங்க'ன்னு... தெரியாதுதான். தெரியாதுன்னு சொன்னா, படிக்காமயா கையெழுத்து போட்டேன்னு இன்னும் கோவப்படுவாரேன்னு...

திரும்ப வாங்கிட முடியாதா?... நகல் இருக்குக்கா, பத்திரமா இருக்கு. ரிசப்ஷன்ல தேதி போட்டு, சீல் குத்திக் கொடுத்தாங்க. நீதானே எப்பவும் சொல்லுவே, எந்தக் காகிதம் கொடுத்தாலும் சீல் வாங்காம வராதேன்னு...

அக்கா?... ஹலோ... லைன்ல இருக்கியா?...