டயர்னு எழுதுங்க

இல்ல மேடம், எஃப்.ஐ.ஆர்ல வாய்த் தகராறுன்னு எழுதாதீங்க. தகராறே கெடையாது. அந்தப் பஞ்சர் கடை அண்ணன் என்கிட்ட ஒரு வார்த்த பேசல. குனிஞ்சு ட்யூப்ப ஒட்டிக்கிட்டு இருந்தாரு. நான் போனேன், கீழ கெடந்த வீல் ஸ்பேனர எடுத்தேன், மண்டையில போட்டேன். கைய வச்சுத் தடுத்தாரு, விரல் மேல போட்டேன். ஒடிஞ்ச சத்தம் எனக்கே கேட்டுச்சு. நான் எதையும் மறுக்கல.

காரணம்னு ஒரு எடம் இருக்குல்ல, அங்க டயர்னு எழுதுங்க. அவர் கடை வாசல்ல கெடக்குற பழைய டயர்ல தண்ணி நின்னு, கொசு பெருகி, அது கடிச்சு டெங்கு வந்து எம் புள்ள போயிட்டான். சின்னவன். அஞ்சு வயசு மேடம். இன்னியோட ஒம்பது நாள். அதனால அடிச்சேன். அத மட்டும் அழுத்தி எழுதுங்க.

தண்ணியா? குடுங்க. குடிச்சிட்டுச் சொல்றேன்.

கொசு டயர்ல வரும்னு எனக்கு யார் சொன்னாங்கன்னா கேக்குறீங்க? நல்லாக் கேட்டீங்க. எம் பெரியவ அஞ்சாங்கிளாஸ். அவங்க பள்ளிக்கூடத்துல சுகாதார டீச்சர் கொசுப் பாடம் நடத்துறாங்க. தங்கமான பொண்ணு, குத்தம் சொல்லல. பிள்ளைங்க வீடு வீடாப் போய் தொட்டி, வாளி, ஃப்ரிட்ஜுக்குப் பின்னாடி இருக்குற தட்டு வரைக்கும் பாக்கணும். புழு நெளிஞ்சா ஒரு பாட்டில்ல புடிச்சுக்கிட்டு மிச்சத்தக் கொட்டிரணும். பாட்டிலுக்கு ஒரு ஸ்டார். பத்து ஸ்டார் சேந்தா சட்டையில பேட்ஜ். எங்க வீட்டு மகாராணி எட்டு வாங்கிட்டா. தெருவையே ஆட்டிப் படைச்சா போங்க! மாடி வீட்டு அக்கா குளிச்சிட்டு இருக்கும்போதே கதவத் தட்டி, தொட்டியக் காட்டுங்கன்னு நின்னவ. சிரிங்க, சிரிங்க. நானும் அன்னிக்கு வயிறு வலிக்கச் சிரிச்சேன்.

அப்புறம் தெருவுல புழுவே இல்லாமப் போச்சு. எல்லாத்தையும் இதுங்களே கொட்டிருச்சுங்க. ரெண்டு ஸ்டாருக்காக அலையா அலைஞ்சா.

ஆமா, கூட்டிட்டுத்தான் போனேன் அவள. பக்கத்துல நிக்க வச்சுத்தான் அடிச்சேன். அவ கவுன்ல ரத்தம் தெறிச்சிருக்கு. நீயெல்லாம் ஒரு பெத்தவளான்னு தெருவே காறித் துப்புது. துப்பட்டும்.

மேடம், பேனாவக் கொஞ்சம் கீழ வைங்க. இனிமே சொல்றது உங்களுக்கு மட்டும்தான்.

தம்பியத் தூக்கிட்டுப் போனப்பகூட அவ ஒரு சொட்டு அழல. நேத்து பாடப் புஸ்தகத்தத் தூக்கிட்டு வந்து நிக்கிறா. ஏம்மா, புழு கொசுவாகி பறக்க ஒரு வாரம்தானே, தம்பிக்கு எந்தக் கிழம ஜுரம் வந்துச்சுங்குறா. விரல் விட்டு எண்றா. ஏண்டி கேக்குறன்னேன். புஸ்தகத்த மூடிக்கிட்டு ஓடிட்டா.

இன்னிக்குக் காலையில கட்டில நகத்திக் கூட்டுனேன். துணி மூட்டைக்குப் பின்னாடி ஒரு பெயின்ட் வாளி. பாதித் தண்ணி. உள்ள புழு நெளியுது. பக்கத்துலயே அவளோட ஸ்கூல் பாட்டில். மூடுனா செத்துரும்னு தொறந்து வேற வச்சிருக்கு, அந்தப் பைத்தியம். அந்தக் கட்டில் மேலதான் மேடம் சின்னவன் படுப்பான்.

அண்ணன் டயர்ல ஒரு சொட்டுத் தண்ணி கெடையாது. பிள்ளைங்க சொல்லுச்சுங்கன்னு ஒவ்வொண்ணுலயும் ஓட்டை போட்டு வச்சிருக்காரு, புண்ணியவான். எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் போனேன். வாளியக் கொட்டி, மிதிச்சு நசுக்கி குப்பை வண்டியில போட்டுட்டு, அவ கையப் புடிச்சு இழுத்தேன். வாடி, தம்பியக் கொன்னது யாருன்னு காட்டுறேன்னு தெரு முழுக்கக் கேக்குற மாதிரி கத்திக்கிட்டே போனேன்.

ரெண்டு அடியில நிறுத்தியிருக்கலாம்தான். அவர் சுருண்டு விழுந்ததும் எனக்குக் கை ஓஞ்சிருச்சு, ஸ்பேனரக் கீழ போடப் போனேன். அப்பத்தான் மேடம் அவ வாயத் தொறந்தா. இன்னும் அடிம்மான்னு வீறிட்டா. ஒம்பது நாளா அழாதவ ஓன்னு அழுதா. அதுக்கப்புறம் நான் எப்படி மேடம் நிறுத்துவேன்?