விரித்துத் தேய்த்த தையல்

உங்கள் சட்டைக் காலரைத் தேய்த்தது யார், ஷெரிஃப்? அழகாகப் படிந்திருக்கிறது. உங்கள் அம்மாவாகத்தான் இருக்கும். வியாழக்கிழமைகளில் சர்ச் கூடத்தில் நாங்கள் ஒட்டுத்துணிப் போர்வை தைக்கும்போது அவர் எனக்கு எதிரில்தான் உட்காருவார். அவர் கண்ணுக்கு எதுவும் தப்பாது. மேசையில் கிடக்கும் இந்தத் துணியையும் அவரிடம் காட்டினீர்களாமே. நல்லது, எனக்குப் பேச்சு மிச்சம்.

இரண்டு துண்டுகளைச் சேர்த்துத் தைத்தால் பின்பக்கம் கால் அங்குல ஓரம் நிற்கும். அந்த ஓரத்தை ஒரே பக்கமாகச் சாய்த்து இஸ்திரி போடலாம். இல்லையென்றால் இரண்டாகப் பிரித்து, ஒன்றை இந்தப் பக்கமும் ஒன்றை அந்தப் பக்கமும் விரித்துப் போடலாம். சாய்த்தால் நூல் மடிப்புக்குள் ஒளிந்துகொள்ளும், இணைப்பு கெட்டியாக இருக்கும். விரித்தால் போர்வை தட்டையாகக் கிடக்கும், பார்க்க லட்சணம். ஆனால் கொஞ்சம் இழுத்தால் போதும், நூல் வெளியே பல்லைக் காட்டும். பத்தொன்பது வருஷமாக இதைத்தான் சொல்லிவந்தேன். அந்தக் கூடத்தில் இஸ்திரிப் பெட்டியை என்னைத் தவிர யாரும் தொட்டதில்லை.

போன வருஷம் என் தம்பி வுட்ரோ, டேட்டன் ஊரிலிருந்து டெல்ஃபியைக் கட்டிக்கொண்டு வந்தான். என் பக்கத்து வீட்டில்தான் குடிவைத்தான். கெட்ட பெண் என்று சொல்ல மாட்டேன். சோளரொட்டி சுட்டால் முதல் துண்டு எனக்குத்தான் வரும். ஆனால் வாய் சும்மா இருக்காது.

"அக்கா, உங்க தையல் எல்லாம் விருந்து சாப்பிட்டுட்டு வந்த மாதிரி தொப்பை போட்டிருக்கு. என்னோடதைத் தடவிப் பாருங்க."

பெண்கள் சிரித்தார்கள். பிறகு ஒவ்வொருத்தியாகத் தடவிப் பார்த்தார்கள். அவள் தைத்த நட்சத்திர ஒட்டுகளின் முனைகள் ஒன்றோடொன்று பிசகாமல் சேர்ந்திருந்தன. அதை நான் மறுக்கவில்லை. கடைசியில் ஒரு வியாழக்கிழமை இஸ்திரிப் பெட்டியை அவளிடம் கொடுத்துவிட்டார்கள். எனக்கு நூல் பிசிறு வெட்டும் வேலை. "ஒலீட்டா, நீ பாவம், எத்தனை நாள்தான் நிப்ப, உக்காந்து வேலை பாரு," என்றார் உங்கள் அம்மா. அன்பாகத்தான் சொன்னார்.

அன்று வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தித் தாழ் போட்டேன். அறுபத்திரண்டு வயதில் இன்றைக்கு ஓரமாக உட்காரவைத்தவர்கள் நாளைக்கு எங்கே வைப்பார்கள் என்று பயமாக இருந்தது. இரண்டு நாளும் சோறு தண்ணி இறங்கவில்லை.

சனிக்கிழமை வெள்ளம் வந்தது. காலை பத்து மணி இருக்கும். வுட்ரோ சுரங்க வேலைக்குப் போயிருந்தான். டெல்ஃபியின் போர்வை மேல்துணி என் மடியில் இருந்தது. பஞ்சும் அடித்துணியும் வைக்காத வெறும் மேல்துணி, பிசிறு வெட்ட என்னிடம் கொடுத்திருந்தார்கள். ஓடைத் தண்ணீர் வாசலுக்கு வந்தது தெரிந்ததும் அதைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போனேன். ஜன்னலைத் திறந்தால், கீழே என் வாசல் தூணைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அவள் நிற்கிறாள். மார்பு வரைக்கும் தண்ணீர்.

"அக்கா, கயிறு ஏதாச்சும் போடுங்க. தூண் ஆடுது."

"கயிறெல்லாம் கீழ சமையல்கட்டுல மாட்டிக்கிச்சேடி."

"அப்ப துணி ஏதாச்சும். எனக்கு நீச்சல் தெரியாதுக்கா. பயமா இருக்குக்கா."

கட்டிலில் என்னுடைய போர்வை இருந்தது. மூன்று அடுக்கு, எல்லாத் தையலும் ஒரு பக்கமாகச் சாய்த்துத் தேய்த்தது. மாட்டைக் கட்டி இழுத்தாலும் தாங்கும். வெள்ளிக்கிழமைதான் துவைத்திருந்தேன்.

"உன்னோடதையே போடுறேன். தாங்குமா?"

"தாங்கும்கா. சீக்கிரம் போடுங்க."

நான் கேட்டேன், அவள் தாங்கும் என்றாள். அதை எழுதிக்கொள்ளுங்கள்.

துணியை முறுக்கி ஒரு முனையைக் கட்டில் காலில் கட்டினேன். மறுமுனையை அவள் கையில் சுற்றிக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் தூண் பெயர்ந்து போனது. அவள் முழுக் கனமும் துணியில் தொங்கியது. ஒவ்வொரு வரிசையிலும் நூல் பல்லைக் காட்டியது, நான் சொன்ன மாதிரியே. இப்போது பிரியும், இப்போது பிரியும் என்று காத்திருந்தேன். பிரியவில்லை. அவள் சுவரில் காலை உதைத்து ஒரு முழம் ஏறினாள். இன்னொரு முழம் ஏறினாள். வாழ்நாளில் அப்படி நான் பயந்ததில்லை, ஷெரிஃப். அவள் விழுந்துவிடுவாளோ என்ற பயமில்லை அது.

ஒரு கை ஜன்னல் கட்டையைப் பிடித்துவிட்டது. முகமெல்லாம் சேறு. அழுகையும் சிரிப்புமாக என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"பாத்தீங்களாக்கா, தாங்குது."

பிசிறு வெட்டும் சின்னக் கத்தரி ரிப்பனில் கோத்து என் கழுத்திலேயே தொங்கிக்கொண்டிருந்தது. ஜன்னலுக்கு வெளியே முதல் வரிசைத் தையல் என் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. அவசரப்படவில்லை. ஒவ்வொன்றாக வெட்டினேன். அவள் கத்தரியைப் பார்த்தாள். கத்தவில்லை. "அக்கா?" என்று மட்டும் கேட்டாள், நான் வேறு யாரோ என்று சந்தேகம் வந்தவள் போல. துணி பிரிந்து போன பிறகும் அவள் விரல்கள் கட்டையில் கொஞ்ச நேரம் இருந்தன. ஈரக் கட்டை, வழுக்கத்தானே செய்யும்.

அடக்கம் முடிந்து அடுத்த வியாழக்கிழமை, இஸ்திரிப் பெட்டியை என் முன்னால் கொண்டுவந்து வைத்தார்கள். விரித்துத் தேய்த்தவர்கள் எல்லோரும் சாய்த்துத் தேய்க்க ஆரம்பித்துவிட்டார்கள். வுட்ரோ இப்போது என் வீட்டில்தான் சாப்பிடுகிறான். சரியாகச் சாப்பிடுவதில்லை.

இழுத்து அறுந்த நூல் என்றால் நுனி பஞ்சு பஞ்சாக இருக்கும், இது கத்தரி பட்ட நுனி என்று உங்கள் அம்மா சொல்லியிருப்பார். சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். ஆனால் அவரை எண்ணிப் பார்க்கச் சொல்லுங்கள். நான் வெட்டியது பதினோரு தையல். அந்த வரிசையில் நூற்றுக்கு மேல் இருக்கும். மிச்சமெல்லாம் தானாகப் பிரிந்ததுதான். சாய்த்துத் தேய்த்திருந்தால் அந்தப் பெண் பிழைத்திருப்பாள்.