மாப்பிள்ளைக்குத் தலைசுற்றல்

எங்கள் தெருவில் யாராவது தும்மினால், அவர் மூக்கைத் துடைப்பதற்குள் எனக்குச் செய்தி வந்துவிடும். பெருமைக்காகச் சொல்லவில்லை சார். சிலருக்குப் பாட்டு வரும், சிலருக்குக் கணக்கு வரும், எனக்குச் சேதி வரும். இன்ஷூரன்ஸ் ஏஜென்ட் வேலைக்கு இதைவிட என்ன வேண்டும்? யாருக்குச் சர்க்கரை, யாருக்கு நெஞ்சுவலி, யார் எந்த மாத்திரையை மாமியாருக்குத் தெரியாமல் விழுங்குகிறார்கள் என்பதெல்லாம் அவர்கள் வாயைத் திறப்பதற்கு முன்பே எனக்குத் தெரியும். 'பாலிசி அக்கா' என்று கூப்பிடுவார்கள். முதுகுக்குப் பின்னால் 'மைக்செட்'. யார் அந்தப் பெயரை வைத்தது என்பதும் தெரியும்.

நீங்கள் நிதானமாகவே எழுதிக்கொள்ளலாம். நான் எங்கும் ஓடப்போவதில்லை.

என் தங்கை எதிர்க் கட்டடத்தின் மேல் தளத்தில் இருந்தாள். என் சமையலறை ஜன்னலைத் திறந்தால் அவள் வீட்டு மொட்டைமாடி தெரியும். அம்மா போன பிறகு அவளை வளர்த்தவள் நான். சடை பின்னிவிட்டது, பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விட்டது, காய்ச்சலுக்குக் கண்விழித்தது எல்லாம் நான். மாப்பிள்ளையை மட்டும் அவளே பார்த்துக்கொண்டாள். கடைகளுக்கு போர்டு எழுதுகிற ஒரு பெயின்டரைக் கூட்டிக்கொண்டு வந்து நின்றாள். நல்ல மனிதர்தான், குறை சொல்லக் கூடாது. கூலியைப் பாதியாகக் கொடுத்தாலும் "பரவாயில்லீங்க" என்று ஒரு சிரிப்பைக் கொடுத்துவிட்டு வருவார். சிரிப்பை வைத்து உலை பொங்குமா?

தங்கை கஷ்டப்பட்டாள். சாயங்காலமானால் அவர்கள் இரண்டு பேரும் மொட்டைமாடியில் உட்கார்ந்து சிரிக்கிற சத்தம் என் அடுப்படி வரைக்கும் வரும். கஷ்டப்படுகிறவள் அப்படிச் சிரிப்பாளா என்று நீங்கள் கேட்கலாம். கஷ்டத்தை மறைக்கத்தானே சார் சிரிப்பது. கூடப்பிறந்தவளுக்குத் தெரியாதா.

அதனால் இருவருக்கும் சேர்த்து ஒரு பாலிசி போட்டேன். யார் முந்திக்கொண்டாலும் மற்றவருக்குப் பணம். தவணையை நானே கட்டினேன். மாப்பிள்ளை போய்விட்டால் தங்கை வேறெங்கே போவாள், என் வீட்டுக்குத்தான் வருவாள். பணத்தையும் நானே பார்த்துக்கொள்வேன், அவளையும் நானே பார்த்துக்கொள்வேன். பழையபடி சடை பின்னிவிடலாம் என்றுகூட நினைத்தேன்.

ஓர் ஆள் சும்மா விழுந்தால் ஏணியைப் பார்ப்பார்கள். தலைசுற்றி விழுந்தால் ஆளைப் பார்ப்பார்கள். ஆகவே முதலில் மாப்பிள்ளைக்குத் தலைசுற்றல் வரவேண்டியிருந்தது.

இதையெல்லாம் யாரிடமும் நேராகச் சொல்லக் கூடாது. கற்றுக்குட்டிகள்தான் அப்படிச் செய்வார்கள். நான் டெய்லர் கடையில் போய் நின்றேன்.

"எங்க மாப்பிள்ளைக்கு ஒண்ணுமில்லண்ணே. யாரு என்ன சொன்னாலும் நம்பிடாதீங்க."

"யாரு என்ன சொல்றாங்க?"

"அதான், இந்தத் தலைசுத்தல் பேச்சு. சும்மா கிளப்பி விடுறாங்க."

டெய்லர் வாயில் கவ்வியிருந்த ஊசியை எடுத்துவிட்டார். அவ்வளவுதான். அன்று மதியத்துக்குள் மருந்துக்கடைக்காரர் என்னையே நிறுத்தி, "அக்கா, மாப்பிள்ளைக்கு முடியலையாமே, இதையெல்லாம் மறைக்கலாமா?" என்று கடிந்துகொண்டார். என் சரக்கையே எனக்கு விற்றார்.

சில வாரங்களில் மாப்பிள்ளையே சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்க ஆரம்பித்துவிட்டார். "நிஜமாவே லேசா சுத்துற மாதிரிதான் இருக்கு அக்கா" என்றார். நான் பரிதாபமாக முகத்தை வைத்துக்கொண்டேன்.

தொட்டியைப் பற்றிக் கேட்டீர்கள். அந்த மொட்டைமாடிக்கு மேலே தண்ணீர்த் தொட்டி. அதற்கு ஏற ஓர் இரும்பு ஏணி, கைப்பிடிச் சுவரை ஒட்டி. ஏணி பின்பக்கமாகச் சாய்ந்தால் நேராகத் தெருதான். தினமும் காலையில் ஏறி வால்வைத் திறந்துவிடுவது மாப்பிள்ளை. யாரும் சொல்லாமல் அவராக இழுத்துப் போட்டுக்கொண்ட வேலை. ஒரு சாயங்காலம், அவர் வேலையிலிருந்து வருவதற்கு முன், தங்கை வீட்டுக்குப் போனேன். அவள் காபி போடுவதற்குள் "மேலே காத்து வாங்கிட்டு வர்றேன்" என்று போய், நாலு படி ஏறி, ஏணியைத் தொட்டியோடு பிடித்திருந்த மேல் நட்டுகளைக் கழற்றிக் கைப்பையில் போட்டுக்கொண்டேன். ஸ்பேனர் மாப்பிள்ளையுடையதுதான். துருப்பிடிக்காமல் இருக்க நட்டுகளுக்கு எண்ணெய்கூட விட்டு வைத்திருந்தார். பொறுப்பான மனிதர். எனக்குத்தான் முழங்கால் வலித்தது.

காபி நன்றாக இருந்தது.

ஒன்றை மட்டும் நான் யோசிக்கவில்லை. இந்தத் தெரு ஒரு செய்தியைக் கேட்டால் பேசும் என்று தெரியும், நம்பும் என்றும் தெரியும். அக்கறைப்படும் என்று தெரியாது. மருந்துக்கடைக்காரர் காசு வாங்காமல் பிரஷர் பார்த்தார். டெய்லர், இனிமேல் ஏணிப் பக்கமே போகமாட்டேன் என்று மாப்பிள்ளையிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார். மறுநாள் காலை தொட்டிக்கு ஏறியது அவர் இல்லை, என் தங்கை.

சத்தம் கேட்டதும் நான் ஓடினேன். அழுதுகொண்டேதான் ஓடினேன். பாலிசி இருவருக்கும் சேர்த்தது என்பது பாதிப் படி இறங்கிய பிறகுதான் நினைவுக்கு வந்தது. பணம் மாப்பிள்ளை கைக்கு வரும். அவருக்கும் என்னை விட்டால் வேறு நாதி இல்லை. கீழே போய்ச் சேர்ந்தபோது ஓரளவு நிதானமாகிவிட்டேன். கூட்டம் கூடியிருந்தது. வாய் பழக்கத்தில் பேசியது.

"தலைசுத்தி விழுந்துட்டாளே..."

டெய்லர் நிமிர்ந்து பார்த்தார்.

"தலைசுத்தல் அவருக்குத்தானே பாலிசி அக்கா? தங்கச்சிக்கு எப்ப வந்துச்சு?"

"அவளுக்கும் இருந்துச்சுண்ணே. அவதான் வெளிய சொல்லமாட்டா."

எல்லோரும் ஏணியைப் பார்த்தார்கள். நான் சொல்லி அந்தத் தெரு நம்பாமல் நின்றது அதுதான் முதல் தடவை. நான் செய்த ஒரே தப்பு அதுதான் சார். ஒரு வதந்திக்குக் கை கால் வைக்கலாம், மூக்கு முழி வைக்கலாம். ஆளை மட்டும் மாற்றக் கூடாது.

பிறகு நீங்கள் வந்து, "இந்தத் தலைசுற்றலை உங்களுக்கு யார் சொன்னது?" என்று கடை கடையாகக் கேட்டீர்கள். மருந்துக்கடை டெய்லரைக் காட்டியது, டெய்லர் என்னைக் காட்டினார். ஒருவர் வாயிலும் பூட்டு இல்லை. எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. நட்டுகள் என் வீட்டுச் சர்க்கரை டப்பாவில் இருந்தன. அதை நீங்கள் சீக்கிரமே கண்டுபிடித்துவிட்டீர்கள்.

ஏறப்போவது தங்கை என்று எனக்கு முன்பே தெரியுமா என்று இப்போது கேட்கிறீர்கள்.

தெரியும். அந்தச் சாயங்காலமே, காபியை என் கையில் கொடுக்கும்போதே சொன்னாள்.

"நாளையிலேருந்து தொட்டிக்கு நான்தான் ஏறப்போறேன். அவர விடமாட்டேன்."

"நீ எதுக்குடி? ஆம்பள, அவரு பாத்துக்குவாரு."

"தலைசுத்துதுன்னு சொன்னவளே நீதானே?"

"நான் எங்கடி சொன்னேன்?"

"நீ சொல்லாம இந்தத் தெருவுல எந்தச் சேதிக்கு அக்கா கால் முளைச்சிருக்கு?" என்று என் கன்னத்தைக் கிள்ளினாள்.

நட்டுகள் அப்போது என் மடியில், கைப்பைக்குள் இருந்தன. மேலே போய் மாட்டிவிடலாம் என்றுதான் எழுந்தேன். அதற்குள் மாப்பிள்ளை வந்துவிட்டார். இராத்திரி போன் பண்ணியிருக்கலாம். என்னவென்று சொல்வது? அவள் ஒன்று கேட்பாள், மாப்பிள்ளை ஒன்று கேட்பார்.

காலையில் ஜன்னலில் நின்றேன். அவள் ஏணியடிக்கு வந்து, என்னைப் பார்த்து, எப்போதும்போல் கையை ஆட்டினாள். கீழே டெய்லர் கடையைத் திறந்துகொண்டிருந்தார். சுற்றி எல்லா ஜன்னலும் திறந்திருந்தன. ஏறாதே என்று ஒரு சத்தம் போட்டிருந்தால் போதும். ஆனால் ஏன் ஏறக் கூடாது என்று தெரு கேட்கும் இல்லையா. நாலு பேர் என்னைப் பற்றி நாலு விதமாகப் பேசினால், அந்த அவமானம் என் தங்கைக்கும்தானே சார். அவளுக்காகத்தான் வாயை மூடிக்கொண்டேன்.

நானும் கையை ஆட்டினேன். முதல் படியில் கால் வைத்துவிட்டு அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். கஷ்டத்தை மறைக்கத்தான்.