மத்தியானக் காத்து

கடைசியா என்ற ஊட்டுக்காரிய உசுரோட பாத்தது இந்த மொட்ட மாடியிலதானுங்க அம்மணி. இப்ப உங்க மிஷினு நிக்குதே, அந்த எடத்துல, தண்ணித் தொட்டி நெழல்ல. பகல் பன்னண்டு இருக்கும். வானத்துல ஒரு பொட்டு மேகமில்ல. சேலத் தலப்பத் தலையில போட்டுக்கிட்டு சாஞ்சு உக்காந்திருந்தா. ரங்காத்தா, பட்டறைக்குப் போயிட்டு ரெண்டு மணிக்கு வந்தர்றேன்னேன். தலையாட்டுனா. அவ்வளவுதானுங்க.

அதனாலதான் கேக்கறேன், மறுக்கா ஒருக்காப் பாருங்க. அந்தக் கணக்கு தப்பா இருக்கோணும். மூணு வாரமா இந்தக் காத்துத்தூசி அளக்கற மிஷினு ஓடுது, கரண்டு என்ற ஊட்டுல இருந்து இழுத்துக் குடுத்தேன், ஒரு நாளாச்சும் ஏதாச்சும் கேட்டேனுங்களா? இன்னைக்குக் கழட்டறேன்னு வந்தீங்க, மத்தியானக் காத்து நல்ல காத்துதானுங்களேன்னு சும்மா ஒரு வார்த்த கேட்டேன். அதுக்குப் போயி, வானம் தெளிஞ்ச நாள்ல மத்தியானத்துலதான் பொடித்தூசி ரொம்ப எச்சுங்கறீங்க. அதெப்படிங்க ஆகும்?

இல்லீங்க, நீங்க படிச்சவங்க, நான் எதுத்துப் பேசல. வெய்யல்ல மிஷினு சூடாகித் தப்பாக் காட்டியிருக்கலாமில்லீங்களா? அதுக்கு உள்ளயே குளுர வெக்கற ஏற்பாடு இருக்குதா. செரிங்க. அப்ப பக்கத்தூட்டு வேலாத்தா மொளகா வறுத்திருப்பா. தெனமுமா வறுப்பாங்கறீங்களா? அவ வறுப்பாளுங்க, அவ புருசன் மூஞ்சியப் பாருங்க, தெரியும். சிரிக்காதீங்க அம்மணி. நான் சிரிக்கறதுக்குச் சொல்லல.

இருபத்தாறு வருசம் சாயப்பட்டறையில பாய்லர் ஓட்டுனவனுங்க நான். கிட்டுசாமின்னா இந்தப் பக்கத்துப் பட்டறைகள்ல அல்லாருக்கும் தெரியும். சிம்னியப் பாத்தே சொல்லிருவேன். கறுப்பா வந்தா காத்துப் பத்தல. வெள்ளையா வந்தா வெறகு ஈரம். ஒண்ணுமே தெரியாட்டி நல்லா எரியுது. எனக்குச் சொல்லிக் குடுத்தது அவ்வளவுதான், நானும் மத்தவங்களுக்கு அதத்தான் சொல்லிக் குடுத்தேன். ஒரு காலத்துல வெறகு பத்தலைன்னு பனியன் கழிவுத் துணியக்கூட உள்ள தள்ளுனோம். அப்ப வந்த பொகையில எதுத்தூடு தெரியாது. அதுக்கப்பறம் மொதலாளி பொகைய வடிகட்டப் பில்டரு வெச்சாரு. பை பையாத் தொங்கும், கரியெல்லாம் அதுல நின்னுக்கும். வெச்ச பொறவு பாய்லர் எரியுதா அணைஞ்சுதான்னே வெளிய நின்னாத் தெரியாது. கிட்டு, இனி ஊருக் காத்தே சுத்தம்டான்னாரு மொதலாளி. ஊட்டுக்கு வந்து அவகிட்ட அத நானே பண்ணுன மாதிரி பீத்திக்கிட்டேன்.

அவளுக்கு நாலு வருசமா மூச்சு முட்டலுங்க. பனியன் கம்பெனியில செக்கிங் வேல, பஞ்சுத் தும்புலயே நின்னவ. நல்ல காத்துல இருக்கோணும்னாரு டாக்டரு. நல்ல காத்துக்கு நான் எங்க போறது? காலைல பனியும் பஸ்ஸுப் பொகையும் ரோட்டோட படுத்துக் கெடக்கும், அப்ப ஜன்னலச் சாத்திருவேன். பதனோரு மணிக்கு மேல ஒட்டுக்காக் கலைஞ்சுரும். இங்க நின்னா முதலிபாளையம் வரைக்கும் பளிச்சுன்னு தெரியும், அத்தன சிம்னியும் வெறுங்குழாயா நிக்கும். இதுதான்டா நல்ல காத்துன்னு மேல கூட்டியாந்தேன். பாய்லர்காரன் கண்ணுக்கு வேற என்னங்க தெரியும்?

சொல்லுங்க, மொதல்ல இருந்து சொல்லுங்க. நான் பத்தாவதுதான், ஆனா பொறுமையாச் சொன்னாப் புடிச்சுக்குவேன்.

கந்தகம். வெறகு, கரி, டீசலு, எல்லாத்துலயும் கொஞ்சம் இருக்குது. அது வாயுவாப் போறதால பையில நிக்காது. செரி. வெய்யல் நல்லா அடிச்சா அது காத்துலயே அமிலமா மாறுது. பல்லடத்துப் பக்கமிருந்து காத்தடிச்சா கோழிப்பண்ண நெடி வருதுங்களே, அந்த அமோனியாவும் அதோட சேந்துக்குது. ரெண்டுங் கூடி, எந்தக் கண்ணாடி வெச்சாலும் தெரியாத ஒரு பொடி உண்டாகுது. வண்டிப் பொகையில வர்ற ஆவியெல்லாம் அதுமேல படிஞ்சு படிஞ்சு வளருது. அப்ப ஒரு சிம்னியிலயும் பொகை தெரியாதப்பவும் வானத்துலயே தூசி பொறக்குதுங்கறீங்க.

அதெதுக்குங்க தெளிஞ்ச நாளாப் பாத்துப் பொறக்கோணும்? பெருந்தூசி இருந்தா அந்த ஆவி போயி அதுல ஒட்டிக்குமா. இருங்க. இது எனக்கே தெரியும். ரங்காத்தா சொல்லுவா, நிட்டிங் மிஷினுக்கடியில பஞ்சு உருண்ட ஒண்ணு கெடந்தாப் பறக்கற தும்பெல்லாம் அதுலயே போயி ஒட்டிக்கும், கூட்டித் தள்ளிட்டா மூக்குக்குத்தான் வருமுன்னு. கரி இல்லாத காத்துல ஆவிக்கு ஒட்ட எடமில்ல. அதுகளாக் கூடிக்குது. அப்படித்தானுங்களே?

பில்டரு வெச்சது தப்பில்லைங்கறீங்க, கரியும் ஆளக் கொல்லும், கூட வாயுவையும் புடிச்சிருக்கோணும். செரிங்க, புரியுது. அந்தப் பொடி நெஞ்சுல நிக்காம ரத்தத்துக்கே போயிருமா?

நல்லாச் சொன்னீங்க போங்க.

ஒரு ஆளக் காட்டி இவங்க இதனாலதான் போனாங்கன்னு சொல்ல முடியாதா. அவ நெஞ்சு முன்னமே கெட்டதுதான். அப்ப இதனால இல்லைன்னு சொல்லுங்க. அதும் முடியாதா? ஏனுங்க அம்மணி, உங்களுக்கு என்ற மக வயசிருக்குமா? மத்தியானக் காத்து நல்ல காத்துதான் பெரியவரேன்னு ஒரு வார்த்த பொய்யாவாச்சும் சொல்லிட்டுப் போனா, உங்க படிப்புல என்ன கொறஞ்சிரும்? இந்தக் கையத் தொட்டுச் சொல்லுங்க. நான் ஆருகிட்டயும் சொல்லமாட்டேன்.

மன்னிச்சுக்குங்க. உங்க கைய உட்டுட்டேன். டீ ஆறுது, குடிங்க.

அவளே சொன்னாளுங்க. மேல வந்தா நெஞ்சு கரகரங்குது, கீழயே இருந்துக்கறேனுங்கன்னா. வானத்தப் பாரு, பொகை இருக்குதா, பாய்லர்காரன் எனக்குத் தெரியாதது உனக்குத் தெரியுமான்னு சத்தம் போட்டேன். உக்காரவே மாட்டா. பத்து நிமிசத்துல சோத்தப் பாக்கறேன், துணிய மடிக்கறேன்னு எறங்கிருவா. நல்ல காத்து வீணாப் போகுதேன்னு எனக்கு வயிறு எரியும். நான் அப்ப பன்னண்டுல இருந்து ரெண்டு வரைக்குந்தான் வேலைக்குப் போறது, எனக்கப்பறம் பாய்லர் ஓட்டற நல்லான் சாப்புட்டு வர்ற வரைக்கும் அதப் பாத்துக்கறதுக்கு. அதனால அந்த ஒரு மாசமா, போகையில தண்ணிச் சொம்ப அவ பக்கத்துல வெச்சுட்டு, மாடிக்கதவ படிக்கட்டுப் பக்கமாத் தாப்பாப் போட்டுட்டுப் போயிருவேனுங்க. ரெண்டு மணிக்கு வந்து தொறந்து உட்டுருவேன்.

அன்னைக்கு நல்லான் வரல. வண்டி பஞ்சராமா. எரியற பாய்லர அப்படியே உட்டுட்டு வரமுடியாதுங்களே. நான் வரையில நாலே கால்.

அவ தொட்டி நெழல்ல இல்லீங்க. கதவோரமாக் கெடந்தா.

பாத்து எறங்குங்க அம்மணி, மிஷினுப் பொட்டிய நான் புடிச்சுக்கறேன். கதவு சும்மா தள்ளுனாத் தொறந்துக்கும். தாப்பாள அன்னைக்கே புடுங்கிட்டேன். பலகையில நாலு திருகாணி ஓட்ட இருக்குதுங்க.